பின்னேரப் படகின் கயிறு

நெடுந்தீவுத் துறையில் படகுக் கயிற்றைக் கட்டி அவிழ்ப்பது என் வேலை. மூட்டையும் சுமப்பேன். மகள் நிலாந்தியின் கணக்கு ரீச்சர் தாரிகா. சரவணையிலிருந்து பஸ்சும் படகுமாக வந்துபோவார். வீட்டில் அவருக்குப் பால்குடிப் பிள்ளை.

நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரே நேரம் என்று தேர்தல் மேடையில் சொன்னதைச் சட்டமாக்கினார்கள். பள்ளிக்கூடம் அரை மணி நேரம் பிந்தித்தான் விடும். விட்ட பிறகுதான் ஆசிரியர்கள் வரவு பதியும் மெசினில் விரல் வைக்கலாம். எங்கள் கடைசிப் படகும் அதே நேரத்தில்தான் வெளிக்கிடும்.

"முந்திப் போக விடச்சொல்லிப் பள்ளிக்கூட அதிபரிட்டக் கேட்டனீங்களே, ரீச்சர்?"

"கேட்டனான் அண்ணை. மேல எழுதினவராம். மேல இருக்கிறவைக்குக் கடல் தெரியாது."

அதனால் நான் கயிற்றோடு மினக்கெட்டேன். ரீச்சரின் நீலக் குடை தெரு வளைவில் தெரியும்வரை முடிச்சு அவிழாது.

"என்ன காணும், தாலி முடிச்சே? விடுமன்!" என்று படகோட்டி பத்திநாதர் கத்துவார். சனம் சிரிக்கும்.

"உப்புத் தண்ணியில ஊறி இறுகிப்போச்சு."

அவருக்கும் காரணம் தெரியும். ரீச்சர் ஓடிவந்து ஏறியதும் பேசாமல் இயந்திரத்தை முடுக்குவார்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பரிமளம் அக்காவைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். நெஞ்சு நோ. உதடு கறுத்துப்போயிருந்தது. நோயாளர் படகு வேறொருவரோடு போய்விட்டதாம்.

பத்திநாதர் கத்தவில்லை. "விடும் காணும்," என்றார் மெல்ல.

வளைவில் குடையைக் காணவில்லை. அவிழ்த்துவிட்டேன்.

படகு துறையை விட்டு விலகியபோது ரீச்சர் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்.

"பரிமளம் அக்காவுக்கு ஏலாமப் போச்சு ரீச்சர். பிடிச்சு வைக்க முடியேல்லை."

"சரியாத்தான் செய்தனீங்கள் அண்ணை."

பிறகு சேலைத் தலைப்பை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டார். பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது. "பிள்ளை இப்ப எழும்பியிருப்பான்," என்றார் கடலைப் பார்த்து.

அன்று எங்கள் வீட்டில் தங்கினார். என் மனிசி அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். பாலைப் பிழிந்து மண்ணில் விட்டுவிட்டு வந்தார்கள்.

பரிமளம் அக்கா பிழைத்துக்கொண்டார். ரீச்சர் இடமாற்றம் எடுத்தார். போகிற அன்று பெட்டியை நான்தான் படகில் ஏற்றினேன்.

"நிலாந்தியைக் கணக்கை விடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

இனி ஆர் ரீச்சர் படிப்பிக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

நிலாந்தியின் வகுப்பில் கணக்குக்கு இன்னும் ஆளில்லை. இப்போது கயிறு இழுத்தவுடன் அவிழ்கிறது. பத்திநாதர்தான் இயந்திரத்தை முடுக்காமல் வளைவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சனமும் அவரை அவசரப்படுத்துவதில்லை.