கூரையின் உயரம்

பாடை மூங்கிலில் சிவப்பு வளையத்தைக் கண்டதும் ஜெயமாலா கையிலிருந்த பூச்சரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாமா, இந்த மூங்கில் ரெண்டும் எங்கேர்ந்து வந்தது?"

"சிங்கவரம் போற வழியில, மலைச்சரிவுல சும்மா நட்டுக் கெடந்தது. ஆள உட்டுப் புடுங்கியாரச் சொன்னேன்" என்றார் ஜினதாஸ், அம்மாவின் அண்ணன். "காலங்காத்தால கடைய எவன் தொறப்பான்?"

சும்மா நட்டதல்ல. ஓவர்சியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் அப்பா விமலநாதன் அந்தச் சரிவில் ஒரு வீட்டுக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். புது மாதிரி வீடு. இரண்டே அறை, ராஜகிரிக் கோட்டையைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். சிமெண்டுத் தூண்கள் மேல் நிற்கும்; மழைத்தண்ணீரும் எறும்பும் அடியில் தம் வழியே போகும். ஒரு உசிலைமரம்கூட விழாது. கூரையோ பின்னாலுள்ள பாறைக்கு மேலே தலை நீட்டக் கூடாது. அதற்காகத்தான் கூரையின் முன்விளிம்புக்கு ஒரு மூங்கில், பின்விளிம்புக்கு ஒரு மூங்கில்; கூரை வரவேண்டிய உயரத்தில் சிவப்பு வளையம். அவர் சாலையில் நின்று பார்த்து, "ஒரு சாண் எறக்கு" என்பார். ஜெயமாலா ஏணியில் ஏறிப் பழைய வளையத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவாள்.

"நோட்டுல எழுதிடலாமா நைனா?"

"மலை சரின்னு சொல்லட்டும்மா. அப்புறம் எழுதிக்கலாம்."

முந்தாநாள் சாயங்காலம்தான் மலை சரியென்றது. இன்று விடியலில் அவர் போய்விட்டார். நோட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது.

வாசலில் நின்ற மேஸ்திரி தாண்டவராயனிடம் ஓடினாள்.

"ஒயரம் எனுக்கு எப்படிம்மா தெரியும்? ஓவர்சியரு வாயத் தொறந்தாரா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அளவு இல்லாங்காட்டி, பாறைய வெடி வெச்சி எடுத்துட்டு, மட்டம் பண்ணித்தான் கட்டணும்."

உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நேரமானால் உடம்பில் சின்ன உயிர்கள் உண்டாகிவிடும், அவையும் சேர்ந்து எரியும் என்று சமண வீடுகளில் பிணத்தைக் காக்க வைப்பதில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதுமில்லை; மூங்கிலும் அங்கேயே எரிந்துவிடும்.

நைனாவின் பையிலிருந்து டேப்பை எடுத்துவந்து பாடையருகே மண்டியிட்டாள். மண் கறை முடிகிற தரைமட்டத்திலிருந்து வளையம் வரை. முதல் மூங்கில், ஒன்பதடி இரண்டங்குலம். உள்ளங்கையில் எழுதினாள்.

"இன்னாடி இது? சனங்க பாக்குது" என்று மாமா சீறினார். "நைனா போயிட்டாரு, நீ மூங்கில அளந்துகினு கீற!"

"பாவம், பொண்ணுக்குப் புத்தி பெசகிடுச்சி" என்றாள் யாரோ ஒருத்தி.

அதற்குள் உடலைக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். இரண்டாவது மூங்கிலின் மண் கறையை மாலை மூடிக்கொண்டது. ஜெயமாலா டேப்பும் கையுமாக நின்றாள்.

"தூக்குங்கப்பா" என்றார் மாமா.

"இருண்ணா."

அம்மா தர்மவதிதான். 'குரங்குங்களோட குடித்தனம் பண்ண நான் வரல' என்று அந்தச் சரிவில் ஒருநாளும் கால் வைக்காதவள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து வந்து மாலையை ஒதுக்கினாள். டேப்பின் பித்தளை முனையை வாங்கி, மண் கறையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். ஜெயமாலா மறுமுனையை வளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எட்டடி... நாலங்குலம்."

அம்மா விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தபா பாத்துடு" என்றாள்.