இருட்டில் பறந்த டிராகன்

டிராகன் பறக்கும் பிரம்மாண்டப் படத்தின் டிஸ்க்கை மதிப்பிட்ட விமர்சகர், ‘போர்க் காட்சிகளைக் கரிச்சட்டிக்குள் உட்கார்ந்து பார்த்ததுபோல் இருந்தது’ என்று எழுதித் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். டிஸ்க்குக்கு நிறமும் வெளிச்சமும் சரிசெய்தவன் அவர் மனைவியின் தம்பி. இரண்டாம் பாகத்தின் வேலையும் அவனுக்குக் கிடைக்குமா என்பது விமர்சனங்களைப் பொறுத்தது. அது தெரிந்தேதான் எழுதினார், நடுநிலையாம்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். சண்டை போடவில்லை. டிஸ்க்கை ஓடவிட்டு ரிமோட்டை எடுத்தான்.

“மாமா, டிவியைக் கரண்ட் சிக்கனத்துல வெச்சிருக்கீங்க.”

அதை மாற்றியதும் டிராகனின் செதில்கூடத் தனித்தனியாக மின்னியது.

“ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடறவருக்கு வீட்டு டிவி தெரியல,” என்றாள் மனைவி.

“விடுக்கா. படமும் கொஞ்சம் இருட்டுதான்.”

அந்தப் பரிவுதான் அவரைக் குத்தியது. உடனே திருத்தம் எழுத உட்கார்ந்து, ‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கினார். கூசியது, அழித்தார். ‘டிஸ்க்கில் குறையில்லை. என் டிவியை நான்தான் தப்பாக வைத்திருந்தேன்’ என்று எழுதினார்.

“இதைப் போட்டா உங்க பேர் கெட்டுடும் மாமா.”

“கெடட்டும்டா. உன் வேலை முக்கியம்.”

தம்பி ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தான்.

“அதை நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க மாமா.”

விமர்சகர் எழுதியதை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பினார். அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.