குழலுக்கு அடியில் ஒரு தேதி

ஜெர்மனியின் ஸூல் நகரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் லோதாரின் மேசையில், இறந்துபோன அப்பாவின் முக்குழல் துப்பாக்கியை இர்ம்ட்ரவுட் வைத்தாள். மேலே இரண்டு குழல், முயலைச் சுடும் ரவைக்கு. கீழே ஒன்று, மானைச் சுடும் தோட்டாவுக்கு. மேலிருக்கும் பொத்தானை முன்னே தள்ளிவிட்டால், ரவைக்கான விசையை இழுத்தாலும் தோட்டாதான் பாயும்.

1936 டிசம்பரில், முயல் வேட்டையில், அந்தப் பொத்தானைப் பின்னுக்கு இழுக்க மறந்துதான் சித்தப்பாவைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக அப்பா சொல்வார். சாகும்வரை இந்தத் துப்பாக்கியைக் காட்டிக் காட்டித்தான் அழுதார்.

"விக்கணும்னா வயசு தெரியணும்மா," என்றபடி லோதார் குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தான். "மனுஷங்க பொய் சொல்வாங்க, முத்திரை சொல்லாது."

"முப்பத்தாறுக்கு முந்தினதுதான்ப்பா. சும்மா நோண்டாத."

அவன் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நல்லா சொன்னீங்க போங்க! குழலைச் சோதிச்ச மாசமும் வருஷமும் அடிச்சிருக்கு பாருங்க. மூணு, முப்பத்தொம்பது. நீங்க சொல்ற வருஷம் இது பொறக்கவே இல்ல."

இர்ம்ட்ரவுட் குனிந்து அந்த எண்களைத் தானே படித்துப் பார்த்தாள். அந்த வேட்டைக்குக் கிளம்பிய காலையில் எடுத்த படம் அவள் வீட்டுக் கூடத்தில்தான் தொங்குகிறது. சித்தப்பா சிரித்தபடி நிற்கிறார். பக்கத்தில் அப்பா. அவர் தோளில் மான் சுடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி.

"என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

ஒற்றைக்குழலில் பொத்தான் கிடையாது. மறப்பதற்கு அதில் எதுவுமே இல்லை.