மணியடித்தாலும் எடுக்காத வீடு

என்னைக் கட்டிக்கொள்ள அரை நாளில் தலையாட்டிய என் வீட்டுக்காரர், வீட்டுக்கென்று ஒரே ஒரு சிம் கார்டு வாங்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். நாலு கம்பெனி, பதினோரு பிளான். கடைக்காரருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப்போனது.

"மாசம் ஒரு தடவ போட்டுட்டா எவ்வளவு வேணும்னாலும் பேசலாம் சார்."

"நாங்க பேசுற ஆளுங்க இல்லப்பா" என்றார், பெரிய பட்டம் வாங்கியவர் மாதிரி.

கடைசியில் மாதக் கட்டணமே இல்லாத பிளானை எடுத்தார். பேசினால் மட்டும் நிமிஷத்துக்குக் காசு. சிம் ஒரு வருஷம் உயிரோடு இருக்கும். பிளானைக் குறை சொல்ல மாட்டேன். எங்களைப்போல் எப்போதாவது பேசுகிற வீட்டுக்கு அது போதும். ஆனால் இந்த மகாபுத்திசாலிக்கு அந்தக் காசும் போகக் கூடாதே! அவரும் அவர் அக்காவும் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு தடவை அடித்தால் வீடு போய்ச் சேர்ந்தாச்சு, இரண்டு தடவை அடித்தால் சாயங்காலம் வருகிறேன், மூன்று தடவை அடித்தால் உடனே கிளம்பி வா. யாரும் எடுக்கக் கூடாது, கட் பண்ணிவிட வேண்டும். கூடப் பிறந்தவர்கள் பேசிக்கொள்கிற லட்சணம் இது.

எனக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. என் கைக்கென்று ஒரு சம்பளம். நாலு வருஷமாக இதற்குத்தான் அலைந்தேன். அங்கே மேற்பார்வை பார்க்கிற அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: "செவ்வாய்க்கிழமை காலைல கூப்பிடுவேன். எடுக்கலன்னா அடுத்த ஆளப் பாத்துப்பேன்."

அன்றைக்குக் காலையில் இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சரி, சரி" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டு வந்தால், மனுஷன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடுகிறார்.

"அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுடி! மூணு தடவ அடிச்சிட்டா!"

"அவங்க நம்பரா அது?"

"புது நம்பர். பக்கத்து வீட்டு போன்ல அடிச்சிருப்பா. மூணையும் கட் பண்ணிட்டேன். அடுத்தவங்க காசு எதுக்கு வீணா போகணும்?"

போனைப் பிடுங்கி அந்த நம்பருக்கு அடித்தேன்.

"மூணு தடவையும் கட் பண்ணிட்டீங்களேம்மா" என்றார் ஓட்டல் அம்மா. "இஷ்டமில்லன்னு நினைச்சு வேற பொண்ணுக்குக் கொடுத்துட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் இவருக்கு முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "அப்பாடா, அக்காவுக்கு ஒண்ணும் இல்ல" என்று உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார்: "ஒரு நிமிஷம் தாண்டிட்டியா?"

போனை அவர் மடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் அன்றைக்கு ரெண்டில் ஒன்று நடந்திருக்கும்.

மறுநாள் நேரிலேயே போய் நின்றேன். அந்த அம்மா நல்ல மனுஷி. நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் ஒருத்தங்க நிக்கப்போறாங்க. கூப்பிட்டுச் சொல்றேன். அதே நம்பர்தானே?"

"இல்ல மேடம், எங்க வீட்டுல போன் கிடையாது" என்றேன். "தினமும் நானே வந்து கேட்டுட்டுப் போறேன்."