செண்பகத்தின் தோல் கால்

ஆம்பூர் தோல் கம்பெனியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்த செண்பகத்தின் மேல், தோல்கட்டு ஏற்றி வந்த மாட்டுவண்டி குடைசாய்ந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் சீமையிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும், அது நமக்கு எட்டாது என்று டாக்டர் வருத்தத்தோடு சொல்லி ஊன்றுகோல்களைக் கொடுத்தனுப்பினார்.

ஊன்றுகோல் பிடித்த கையால் உலக்கை பிடிக்க முடியுமா? மேஸ்திரி கோதண்டராமன் அவளை வாசலோடு திருப்பினார்.

"நின்னு இடிக்கிற வேலைம்மா இது. உன்னால ஆவாது. ஊட்டோட கெட."

வீட்டில் புருஷன் வேலாயுதம், கிணற்றில் நீர் இறைக்கும் தோல்சால் தைத்துக்கொண்டிருந்தான். செண்பகம் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"மாமா, அவ்ளோ தண்ணியத் தூக்குற தோலு என்னைத் தூக்காதா?"

"இன்னா சொல்றே?"

"எனக்கு ஒரு காலு தெச்சுக் குடு."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தோல்ல செருப்பு தெப்பாங்க, காலு தெப்பாங்களா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ தெக்கிறியா, நானே தெச்சுக்கட்டுமா?"

ஈரத்தோலை, வெட்டுப்பட்ட காலில் மிஞ்சிய பகுதியின் மேல் தானே சுற்றி இறுக்கிக் கட்டினாள். காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே அது விறைத்துக்கொண்டது. அடியில் வேப்பங்கட்டையைச் செருகி வேலாயுதம் ஆணி அடித்தான். சுவரைப் பிடிக்காமல் நின்றபோது அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தோல் தொளதொளத்து, கட்டை பிடுங்கிக்கொள்ள, அத்தனை பேர் கண்ணெதிரே சேற்றில் விழுந்தாள். "சால் ஓட்டையாப் பூட்ச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். தூக்கிவிட வந்த கைகளைத் தள்ளிவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

"தோலுக்கு மெழுகு ஏத்தணும். பாரம் வெட்டுன எடத்துல எறங்கக்கூடாது, தொடையில வார் போட்டு இறுக்கணும்" என்றாள்.

"போதும், விட்டுடு செண்பகம்."

"காலு போனது எனக்கு. விடறதா வேணாமான்னு நான்தான் சொல்லணும்."

வேலாயுதம் மெழுகு உருக்க அடுப்பைப் பற்றவைத்தான்.

சதை கிழிந்து காய்ச்சல் கண்டது. புண் ஆறியதும் மறுபடி கட்டிக்கொண்டாள். எத்தனையோ தோல் கால்கள் பாழாயின. மறு கோடையில் ஒன்று நின்றது.

அன்று காலை கம்பெனி வாசலில் அவள் வெறுங்கையோடு நடந்து வந்தாள். விந்தி விந்தித்தான் வந்தாள். ஆனால் எதையும் பிடிக்கவில்லை. பட்டை இடித்த பெண்களின் உலக்கைகள் அந்தரத்தில் நின்றன. கோதண்டராமன் குறுக்கே வந்தார்.

"இதெல்லாம் சரிப்படாதும்மா. பாதியில உழுந்துடுவே."

"உழுந்தா எழுந்துக்கிறேன். வழி வுடுங்க மேஸ்திரி."

அவர் விலகும்வரை அவள் நகரவில்லை. விலகினார். சாயங்காலச் சங்கு ஊதும்வரை அவள் இடித்தாள். வீட்டில் வார்களை அவிழ்த்தபோது தோல் காலுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. "நாளைக்கி போவாத" என்று வேலாயுதம் கெஞ்சினான். "இந்தப் பக்கம் தையலைத் தளர்த்திக் குடு" என்றாள்.

வாலாஜாபேட்டையிலிருந்து, ரயிலில் காலைப் பறிகொடுத்த ஒருவன், தோல் காலைப் பற்றிக் கேள்விப்பட்டு அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தான். தலை நிமிராமல் உட்கார்ந்து அழுதான். அழுது முடிக்கட்டும் என்று செண்பகம் காத்திருந்தாள். பிறகு தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்க, காலை நீட்டு."