பொலித்தீன் சுற்றிய சங்கிலி

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். பன்வில மழையில் சூடம் நமத்துப்போய்ப் பற்றமாட்டேன் என்கிறது. அது என் குற்றமில்லை.

தோட்டத் தலைவர் கறுப்பையாவின் சவப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, தேயிலை பெக்டரிக் கேட்டின் முன்னால் கதிரைகள் போட்டு அதன்மேல் வைத்தார்கள். மயானத்துக்குப் போகும் பழைய பாதையை மண்சரிவு கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது கேட்டுக்கு அந்தப் பக்கம் போகும் ரோட்டுதான். துருப்பிடிக்காமல் இருக்க கேட்டின் சங்கிலியைப் பொலித்தீனால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தோட்டத்து மனேஜர் துரை சொல்லாமல் அதில் யாரும் கை வைத்ததில்லை. வாட்சர்கூடத் தூர நின்று பார்ப்பதோடு சரி.

தப்புக்காரர்கள் தப்பு மேளத்தைச் சாக்கால் மூடிக்கொண்டார்கள். மகள் நிஷாந்தினி பெட்டியின் தலைமாட்டில் குடை பிடித்து நின்றாள். கை கடுத்தது. மாற்றினால் அப்பா நனைவார் என்று மாற்றவில்லை.

கறுப்பையா பேசாத தலைவர். ஒருமுறை லயத்து வீடுகளின் கூரைக்குத் தகரம் கேட்கப் போனவர், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததில் அப்போதைய துரையின் மேசையிலிருந்த பூச்செடி வாடிவிட்டது. பொழுது சாய்வதற்குள் துரையே தகரத்தை லொறியில் ஏற்றி, ஏணியையும் வந்து பிடித்தார்.

மகன் சுதேஷ் வேறு ரகம். அவன் மைக் பிடித்தால் பல்லேகல கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகிறவர்கள் பந்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்புவார்கள். அடுத்த தலைவர் அவன்தான் என்று தோட்டமே சொன்னது. நிஷாந்தினிக்குக் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் வேலைகூடக் கொடுக்கவில்லை. சத்தம் போடத் தெரியாதவள் ஆட்களை எப்படி மேய்ப்பாள் என்றார்கள்.

கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போன சுதேஷ், துரையின் ஒப்பீஸிலிருந்து தொண்டை கட்டித் திரும்பி வந்தான்.

“உரிமையப் பத்திச் சொன்னேன். வரலாறப் பத்திச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, கொழும்புல இருந்து போன் வரணும்ங்கிறாரு.”

“வரலாறு எங்கடா முடிஞ்சிச்சி?” என்று கேட்டாள் தாய் மூக்காயி.

“முடிக்க விடலம்மா.”

“ஒங்கப்பா போயிருந்தா இந்நேரம் குழிக்குள்ள எறக்கியிருப்பாங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“நீ போயிட்டு வாம்மா.”

“நான் போயி என்னத்தம்மா பேச?”

“ஒன்னையப் பேசச் சொல்லல.”

குடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

துரை கதிரையைக் காட்டினார். உட்கார்ந்ததும் மூன்று நாள் ஆஸ்பத்திரி அசதி காலைப் பிடித்துக்கொண்டது. கேட்க வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டுதான் வந்தாள். நாக்கு எழவில்லை. சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ரூல் அப்படி. நான் போட்டது இல்ல,” என்றார் துரை.

அவள் காலடியில் தண்ணீர் தேங்கியது.

“இப்ப விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க.”

கூரையில் மழை.

“எங்க அப்பா செத்தப்ப எனக்கு லீவு குடுக்கல. குழி மூடின பொறகுதான் போனேன்.” துரை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “ஒங்கப்பாவும் இப்படித்தான் உக்காருவாரு. தலவலி வரும்.”

மேசை லாச்சியைத் திறந்து தேடினார். ஒரு சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் தள்ளினார்.

“எதுன்னு தெரியல. எல்லாத்தையும் கொண்டு போ.”

கொத்து கனத்தது. அவள் வருவதைக் கண்டு கூட்டம் ஒதுங்கியது. “தலைவர் வர்றாங்க, வழி விடுங்கப்பா,” என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. சுதேஷ் குடையை அசைக்காமல் பிடித்தபடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, பேசாமல் நின்றான்.

வாட்சர் கத்தியால் பொலித்தீனைக் கீறினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நிஷாந்தினி சாவிகளைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே சங்கிலி மட்டும் இருந்தது. அந்தக் கேட்டுக்கு ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை.