வியாழக்கிழமை நாற்காலி

கேட்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் வியாபார வட்டத்தின் முதல் விதி. "கடை வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் ஒரு முகமும் நினைவுக்கு வராது. "கொட்டாம்பட்டி பக்கம் தேங்காய் மண்டி வைத்திருப்பவர், தராசு வாங்கி இரண்டு வருடம் ஆனவர்" என்று கேட்டுப் பாருங்கள். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவருடைய மச்சினனாவது அப்படி இருப்பான்.

வட்டம் இயங்கும் விதம் எளிது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடுவோம். ஒரு தொழிலுக்கு ஒரே நாற்காலி. ஜிஎஸ்டி பார்க்க சிவராம். கேட்டரிங்குக்குக் கனகலட்சுமி. வீடுகளுக்கு நர்ஸ், துணையாள் அனுப்ப ராஜஸ்ரீ. எடைத் தராசுகளைச் சரிபார்த்துப் பழுது நீக்க நான், வசுந்தரா. ஆளுக்கு நாற்பத்தைந்து விநாடி பேசலாம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். ஒருவர் மூலம் வேலை கிடைத்தால், கிடைத்தவர் எழுந்து கொடுத்தவரின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார். எல்லோரும் கைதட்டுவோம்.

ஆறு மாதத்தில் மூன்று முறை வராவிட்டால் நாற்காலி போய்விடும். வர முடியாதவர் தனக்குப் பதிலாக வெளியிலிருந்து ஓர் ஆளை அனுப்பலாம். அந்த ஆள் நமக்காக எழுந்து நின்று பேச வேண்டும்.

நவம்பரில் அம்மா இறந்தபோது நான் இரண்டு வாரம் போகவில்லை. இந்தப் பிப்ரவரியில் பித்தப்பைக் கல் வலி தாங்க முடியாமல் டாக்டரிடம் போனேன். அந்த ஆஸ்பத்திரிக்கு சர்ஜன் வருவதே வியாழக்கிழமைதான். அடுத்த வியாழன் காலை ஆறு மணிக்குச் சேர வேண்டும் என்றார்கள். போனால் மூன்றாவது முறை. என் தொழிலுக்கே வேறொருவர், வெங்கடேஷ்பாபு, ஆறு மாதமாக அந்த நாற்காலிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். என் வேலையில் முக்கால்வாசி அந்த நாற்காலி வழியாகத்தான் வருகிறது.

வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டினாள். "கூட யாரு மேடம் வருவாங்க? அட்டெண்டர் இல்லாம சேர்க்க மாட்டாங்க."

ஆக, ஒரே காலையில் இரண்டு பேர் வேண்டும். எனக்காகப் பேச ஒருவர், என் பக்கத்தில் உட்கார ஒருவர்.

வீட்டுக்கு வந்து போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். எல்லாப் பெயருக்கும் பின்னால் ஒரு தொழில். சிவராம் ஜிஎஸ்டி. கனகலட்சுமி கேட்டரிங். தொழில் ஒட்டாமல் இருந்தது 'அம்மா' என்ற எண் மட்டும். அம்மா போன பிறகு வீட்டில் சௌராஷ்டிர மொழியில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வெளியாள்தான் வேண்டும் என்பதையே மறந்து சிவராமைக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமையா மேடம்? நானே அங்க இருக்கணுமே. என் நாற்காலில உக்காந்துக்கிட்டு உங்க நாற்காலிலயும் உக்கார முடியுமா?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. தராசுக்கு ஆள் வேண்டும் என்று யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்டுவிடலாம். எனக்கு ஆள் வேண்டும் என்பதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஒன்பதாவதாகக் கூப்பிட்டது நல்லகாமனை. உசிலம்பட்டி சந்தையில் முருங்கைக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவர். நாலு வருடமாக அவர் தராசு என் பொறுப்பு.

"நான் வந்து என்னத்தக்கா பேச? ஏலத்துல கத்துறவன் நான்."

"நாற்பத்தஞ்சு விநாடிதான் நல்லகாமன். எழுதி அனுப்புறேன்."

"அம்புட்டுத்தானா? அது ஒரு மூட்டை ஏலம் விடுற நேரம். சரி, வாரேன்."

எழுதி அனுப்பினேன். தராசுக்குள் ஓர் அலுமினியக் கட்டி இருக்கிறது. தட்டில் எதை வைத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவை அளந்துதான் திரையில் எண் வருகிறது. மிகச் சிறிய எடையை வைத்தால், காற்றோ தூசியோ என்று எடுத்துக்கொண்டு தராசு பூஜ்யத்தையே காட்டும். ஆனால் உள்ளே கட்டி வளைந்துதான் இருக்கும். இதையெல்லாம் எழுதி, கடைசியில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்திருந்தேன்: திருமங்கலத்தில் குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர் ஒருவரின் அறிமுகம்.

உடனே கூப்பிட்டார். "அக்கா, இதப் பூராம் நான் சொன்னா என்னையவும் ஆஸ்பத்திரில சேத்துருவாக. சரி விடுங்க, உங்க கூட யாரு இருக்கா?"

"ஆள் இருக்கு," என்றேன்.

உண்மையில் யாரும் இல்லை. இவரையே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலி போகும். அதனால் ராஜஸ்ரீக்குப் போன் செய்து, ஒரு நாளைக்கு ஒரு துணையாள் வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"கவலையே படாதீங்க மேடம். நம்ம வட்டத்து ஆளுக்கு நல்ல பொண்ணா அனுப்புறேன்."

வியாழன் காலை ராஜஸ்ரீ அனுப்பிய தமிழ்ச்செல்வி வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் சாப்பாட்டு டப்பா. படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் பேனா நின்றது. நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"சித்தி மகள்னு போடுங்க," என்றாள் தமிழ்ச்செல்வி. பிறகு என் காதருகே, "ஏஜென்சின்னா ஒத்துக்க மாட்டாகக்கா. போன வாரம் ஒரு தாத்தாவுக்குப் பேத்தி," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, வயிறு வலித்தது.

கண் விழித்தபோது மதியம் தாண்டியிருந்தது. நாலு மணிக்குத் தமிழ்ச்செல்வி போனைக் கையில் கொடுத்தாள். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துப் படங்களும் 'விரைவில் நலம் பெறுக' என்பதும் வரிசையாக இருந்தன. கூட்டத்தின் வீடியோவும் வந்திருந்தது.

நல்லகாமன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் அனுப்பியதை எழுதி வைத்திருந்த தாள் மடித்தபடி சட்டைப் பையிலேயே இருந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டி. என் தராசு நாலு வருசத்துக்கு முன்னாடி எனக்குச் சாதகமாப் பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. மூட்டைக்கு அரைக் கிலோ. எனக்கே தெரியாது. இந்த அக்கா வந்து திருத்தி வச்சுட்டுப் போயிருச்சு. ரெண்டு மாசம் அக்காவ வஞ்சுக்கிட்டே இருந்தேன். இப்ப பக்கத்துக் கடைக்குக் காய் கொண்டுபோன சம்சாரி எல்லாம் என் கடைக்கு வாரான். அம்புட்டுத்தான். திருமங்கலத்துல குளிர்சாதனக் கிடங்கு வச்சிருக்கவக யாரையாச்சும் தெரிஞ்சா அக்காவுக்குச் சொல்லுங்க."

உட்காரப் போனவர் நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு. அக்கா ஆஸ்பத்திரில இருக்கு. ஆளு இருக்குன்னுச்சு, எனக்கு நம்பிக்கை இல்ல. எனக்கு ஏலம் கெடக்கு, ஒம்பது மணிக்குப் பஸ் பிடிக்கணும். உங்கள்ல யாரு போறீக?"

மூன்று விநாடி யாரும் பேசவில்லை. மணி அடித்தது. ராஜஸ்ரீ எழுந்தாள். "யாரும் கவலைப்பட வேண்டாம். எங்க ஸ்டாஃப் மேடம்கூடத்தான் இருக்காங்க. இந்த வாய்ப்பைக் கொடுத்ததுக்கு வசுந்தரா மேடத்துக்கு நன்றி." எல்லோரும் கைதட்டினார்கள். எப்போதும் தட்டுவதைவிடப் பலமாகவே இருந்தது.

சிவராம் கிடங்குக்காரர் ஒருவரின் எண்ணை அனுப்பியிருந்தார். என் நாற்காலி பத்திரமாக இருந்தது.

வீடியோவைப் பின்னுக்குத் தள்ளி அந்த மூன்று விநாடிகளைத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது. இடது ஓரத்தில் கனகலட்சுமி நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளுகிறாள். ஒரு கை மேசையில் ஊன்றுகிறது. ராஜஸ்ரீ எழுந்ததும் கை மடிக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு எல்லோரோடும் சேர்ந்து தட்டுகிறாள்.

"ஆறு மணிக்கு என் டூட்டி முடியுதுக்கா," என்றாள் தமிழ்ச்செல்வி, டப்பாவைக் கழுவிக்கொண்டே. "நைட்டுக்கு வேற ஆள் சொல்லிருக்கீகளா?"

"பார்க்கிறேன்."

கனகலட்சுமி கேட்டரிங் என்ற பெயரைத் திறந்தேன். எட்டு வருடமாக எங்களுக்குள் போய்வந்ததெல்லாம் எண்களும் முகவரிகளும்தான். துல்லியமாகக் கேட்க வேண்டும். தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன்.

'இரண்டாவது மாடி, 214ஆம் அறை. இன்று ஆறு மணிக்கு மேல் ஒரு மணி நேரம். சாப்பாடு வேண்டாம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்.'

அனுப்பினேன்.

ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தமிழ்ச்செல்வி பையை எடுத்துக்கொண்டாள். "வாரேங்க்கா. ஒடம்பப் பாத்துக்கங்க." கதவு தானாகவே மெல்லச் சாத்திக்கொண்டது. செய்தியின் கீழே இரண்டு சாம்பல் நிற டிக். நீலமாகவில்லை. போனை வயிற்றின்மேல் வைக்க முடியாமல், தலையணைக்குப் பக்கத்தில், திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டேன்.